புனே காப்பகமும் பெயர்த்தெடுத்த படங்களும்

புனே லா காலேஜ் சாலையில் இருக்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. பழைய படங்களைத் தேடிச் சேர்த்து வைக்கும் இடம் என்றே அது பெரும்பாலும் அறியப்படுகிறது. ஆனால் சேர்ப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி பெயர்ப்பது: கெட்டுக்கொண்டிருக்கும் ஒரு பொருளில் உள்ளதை, அது முழுதும் கெடுவதற்குள் வேறொரு பொருளுக்கு மாற்றுவது. ஹார்டு டிஸ்க் கரகரக்கத் தொடங்கியதும் கணினிக்காரர்கள் செய்யும் அதே வேலை, இங்கே அறுபது ஆண்டுகளாகப் படச்சுருள்களில் நடந்து வருகிறது.

1950களின் தொடக்கம் வரை உலகமெங்கும் சினிமாப் படங்கள் செல்லுலோஸ் நைட்ரேட் சுருளில்தான் எடுக்கப்பட்டன. ஒளியைத் தெளிவாகக் கடத்துவதில் அதற்கு நிகரில்லை, ஆபத்திலும் அப்படியே. துப்பாக்கி மருந்தான வெடிபஞ்சுக்கு நெருங்கிய உறவு அது. எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே வெளியிடுவதால் தண்ணீருக்குள் அமுக்கினாலும் அணையாது. தீப்பிடிக்காமல் தப்பினாலும் டப்பாவுக்குள்ளேயே நொதித்துப்போகும். முதலில் பிம்பம் மங்கும், பிறகு சுருள் பிசுபிசுக்கும், தேன்போல் கசிந்து ஒட்டிக் கட்டியாகும், கடைசியில் பழுப்புப் பொடி மிஞ்சும். தட்டிப் பார்க்கும்வரை அது பொடியாகிவிட்டது என்பது வெளியே தெரியாது.

நைட்ரேட்டைக் கொன்றது வெப்பம் மட்டுமன்று, வணிகமும்தான். ஓடி முடிந்த படத்துக்கு மறுவிலை கிடையாது. கறுப்பு வெள்ளைச் சுருளில் இருந்த வெள்ளிக்கு உண்டு. சுருள்களை அலசி வெள்ளியை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய செல்லுலாய்டை வளையல் செய்பவர்களுக்குத் தள்ளிவிட்டார்கள். இந்தியாவில் எடுக்கப்பட்ட மௌனப்படங்கள் ஆயிரத்துக்கு மேல். முழுதாக எஞ்சியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்தியாவின் முதல் பேசும்படமான ‘ஆலம் ஆரா’ (1931) இல்லை. அதே ஆண்டில் வந்த ‘காளிதாஸ்’ இல்லை. அதற்கு முன்பே சென்னையில் ஆர். நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ என்ற தென்னிந்தியாவின் முதல் கதைப்படமும் இல்லை. அது வந்தது 1917இலா 1918இலா என்பதில்கூட ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. மோட்டார் உதிரிப்பாக வணிகரான முதலியார் கேமராத் தொழிலைக் கற்றுக்கொண்டது, பூனாவில் (இன்றைய புனே) இருந்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம். தமிழ் சினிமாவின் முதல் பாடம் படித்த ஊரிலேயே அதன் முதல் படம் இல்லாமற்போனது ஒரு விந்தை.

புனேக்குக் காப்பகம் வந்ததும் தற்செயலன்று. கொல்ஹாபூரில் 1929இல் தொடங்கிய பிரபாத் பிலிம் கம்பெனி 1933இல் இங்கே குடிபெயர்ந்து பெரிய ஸ்டூடியோ கட்டியது. கம்பெனி நொடித்தபின் அந்த வளாகத்தில் 1960இல் அரசின் திரைப்படக் கல்லூரி வந்தது. அதில் 1961இல் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்த திருவனந்தபுரத்துக்காரர் பி.கே. நாயர், 1965இல் காப்பகத்தின் உதவிக் காப்பாளரானார். பிறகு இயக்குநராகி 1991இல் ஓய்வுபெற்றார். அவர் காலத்தில் ஏறத்தாழ 12,000 படங்கள் சேர்ந்தன. வாடகைக் கிடங்கு, பழைய கொட்டகை, தயாரிப்பாளர் வீட்டுப் பரண் என்று அவர் போகாத இடம் குறைவு. தாதாசாகேப் பால்கேயின் படங்களில் இன்று பார்க்கக் கிடைப்பவை பெரும்பாலும் பால்கே குடும்பத்தாரிடமிருந்து அவர் வாங்கிவந்த துண்டுகள். 1913இல் வந்த ‘ராஜா ஹரிச்சந்திரா’ நான்கு ரீல். கிடைத்தவை முதல் ரீலும் கடைசி ரீலும். அவையும் 1917இல் பால்கே மறுபடி எடுத்த படத்தைச் சேர்ந்தவையாக இருக்கலாம் என்று சில வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள்.

தெற்கிலிருந்து வந்தவற்றில் ‘மார்த்தாண்ட வர்மா’ (1933) தனிக்கதை. சி.வி. ராமன் பிள்ளையின் நாவலை நாகர்கோவில்காரரான சுந்தர்ராஜ் படமாக்கினார். நாவலின் உரிமை வைத்திருந்த பதிப்பகம் வழக்குத் தொடர, நீதிமன்றம் படத்தைத் தடுத்துவிட்டது. திரையில் அதிகம் ஓடாததால் சுருள் தேயவில்லை, வெள்ளிக்கும் விலைபோகவில்லை. பல்லாண்டு கிடப்பில் கிடந்த அந்தப் பிரதியைக் காப்பகம் 1974இல் பெற்றது. தென்னிந்திய மௌனப்படங்களில் ஏறக்குறைய முழுமையாக எஞ்சியது அதுதான். ஒரு தயாரிப்பாளரை முடக்கிய வழக்கு அவர் படத்தைக் காப்பாற்றியது.

கைக்கு வந்த சுருளைப் புரொஜெக்டரில் போட்டு ஓட்டிப் பார்க்கும் ஆசைதான் முதல் எதிரி. பழைய பிலிம் சுருங்கியிருக்கும். ஓரத்துத் துளைகள் எந்திரத்தின் பற்களோடு பொருந்தாமல் கிழியும். அதனால் கட்டம் கட்டமாக நகர்த்தி அச்சிடும் எந்திரத்தில் வைத்துப் புதிய பிலிமில் பிரதி எடுக்கிறார்கள். கீறல் விழுந்த சுருளை ஒரு வேதித் திரவத்தில் நனைத்தபடி அச்சிட்டால் திரவம் கீறலை நிரப்பிவிடும். ஒளி சிதறாது, பிரதியில் கீறல் தெரியாது. ஹார்டு டிஸ்க் விஷயத்திலும் விதி இதுவே. திணறும் டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதக் கூடாது, உள்ளே நுழைந்து கோப்புகளைத் துழாவவும் கூடாது. செக்டர் செக்டராக முழுப் பிரதி எடுக்க வேண்டும். படிக்க முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப்போய், நல்ல பகுதிகளை எடுத்து முடித்த பிறகே அங்கே திரும்ப வேண்டும். பழுதுபார்ப்பதெல்லாம் பிரதியில்தான்.

நைட்ரேட்டுக்கு மாற்றாக 1948இல் வந்த டிரை-அசிட்டேட் சுருளுக்குப் ‘பாதுகாப்புப் பிலிம்’ என்று பெயர். எளிதில் தீப்பிடிக்காது என்ற அளவில் அது நியாயமான பெயர். ஆனால் சில ஆண்டுகளிலேயே அதுவும் கெடுகிறது என்ற புகார் கோடக் நிறுவனத்துக்குப் போனது; முதலில் புகார் செய்தது இந்திய அரசு. வெக்கையிலும் ஈரத்திலும் வைத்த அசிட்டேட் சிதைந்து அசிட்டிக் அமிலம் விடுகிறது, அந்த அமிலமே சிதைவை இன்னும் விரைவுபடுத்துகிறது. டப்பாவைத் திறந்தால் வினிகர் நெடி அடிக்கும். ஒரு டப்பாவில் கிளம்பிய ஆவி பக்கத்து டப்பாவையும் பிடிக்கும். தீயிலிருந்து தப்பிக்க மாற்றிவைத்த படங்களை இப்போது புளிப்பிலிருந்து மாற்ற வேண்டியதாயிற்று. குளிர்ந்த, உலர்ந்த அறை சிதைவைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. ஏப்ரல் வெயிலும் ஜூன் முதல் நான்கு மாத மழையும் மாறி மாறி வரும் புனேயில் அந்தக் குளிருக்கு மின்சாரம் அறாமல் இருக்க வேண்டும்.

2003 ஜனவரி 8 அன்று திரைப்படக் கல்லூரி வளாகத்தில் இருந்த நைட்ரேட் கிடங்கு எரிந்தது. பிரபாத் படங்களின் மூலச் சுருள்களும் பால்கே காலத்துச் சுருள்களும் அதில் போயின. முன்பே அசிட்டேட்டுக்குப் பெயர்த்தவை படங்களாகப் பிழைத்தன. இழப்பு அதோடு முடியவில்லை: பிலிமிலிருந்து பிலிமுக்கு எடுக்கும் ஒவ்வொரு பிரதியிலும் கூர்மை கொஞ்சம் மழுங்கும், மணல்போன்ற புள்ளிகள் கூடும். மூலம் இருந்திருந்தால் பின்னாளில் வந்த ஸ்கேனர்கள் அதிலிருந்து இன்னும் தெளிவாக எடுத்திருக்கும். தமிழ்நாட்டில் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதியதும் பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடும் வழக்கம் இருந்தது. எழுத்து எழுத்தாக இருக்கும் வரை அது பொருந்தும், பிம்பத்துக்குப் பொருந்தாது. பிரதி எடுத்து முடித்தாலும் கெடும் மூலத்தை அது தாங்கும் வரை வைத்துக்கொள்வதே காப்பகங்களின் இன்றைய முறை.

டிஜிட்டலுக்கு மாறியதும் பிரதியால் மழுங்கும் தொல்லை தீர்ந்தது. ஆயிரமாவது பிரதியும் முதல் பிரதிதான். வேறு தொல்லை வந்தது. இரண்டு மணி நேரப் படத்தில் 1,72,800 கட்டங்கள். 4கே அளவில் ஸ்கேன் செய்தால் கட்டத்துக்குச் சுமார் 50 மெகாபைட், படம் முழுதுக்கும் எட்டு ஒன்பது டெராபைட். பிலிம் மெல்ல மெல்லக் கெடும், மங்கிய பிறகும் ஏதாவது தெரியும். ஹார்டு டிஸ்க் நேற்றுவரை ஓடி இன்று நின்றுவிடும். ஆகவே பெரிய காப்பகங்கள் எல்டிஓ என்ற காந்த நாடாவில் குறைந்தது இரண்டு பிரதிகள் எடுத்து, வெவ்வேறு இடங்களில் வைக்கின்றன. கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் கணக்கிடப்படும். நகலெடுத்தபின் மீண்டும் கணக்கிட்டு எண் மாறவில்லை என்று கண்ட பிறகே பழையதை விடுவார்கள். நாடா முப்பது ஆண்டு தாங்கும் என்கிறார்கள் அதைத் தயாரிப்பவர்கள். ஆனால் அதைப் படிக்கும் எந்திரம் மிஞ்சினால் ஓரிரு தலைமுறைக்கு முந்தைய நாடா வரைதான் ஏற்கும். எனவே நாடா நன்றாக இருக்கும்போதே அடுத்த தலைமுறைக்கு மாற்றியாக வேண்டும்.

இந்த வேலைக்கான மென்பொருள் ஒன்றும் புனேயிலேயே உருவானது. அமெரிக்கா சூப்பர் கம்ப்யூட்டர் தர மறுத்த சூழலில் 1988இல் இங்கே தொடங்கி, 1991இல் ‘பரம் 8000’ கணினியைத் தந்த சி-டாக் நிறுவனம், டிஜிட்டல் பாதுகாப்புக்கென்று ஒரு மையம் அமைத்து ‘டிஜிட்டாலயா’ என்ற மென்பொருளை எழுதியது. அதைப் பயன்படுத்திய டெல்லியின் தேசியப் பண்பாட்டு ஒலி-ஒளி ஆவணக் காப்பகம், நம்பகமான டிஜிட்டல் களஞ்சியத்துக்கான ஐ.எஸ்.ஓ. 16363 சான்றை 2017இல் உலகிலேயே முதலாவதாகப் பெற்றது.

திரைப்படக் காப்பகத்துக்குப் பெரும்பணம் வந்தது தேசியத் திரைப்படப் பாரம்பரியத் திட்டத்தின் மூலம். மொத்த ஒதுக்கீடு ரூ.597 கோடி. 2022 மார்ச்சில் காப்பகம் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டு, மீட்டெடுத்த சத்யஜித் ராயின் ‘பிரதித்வந்தி’ கான் விழாவில் காட்டப்பட்டது. 2024 நவம்பரில் கோவா திரைப்பட விழாவில் பால்கேயின் ‘காளிய மர்தன்’ 4கே வடிவில், நேரடி இசையோடு ஓடியது. 1919இல் நைட்ரேட்டில் பதிவாகி, கணினிக் கோப்பாகத் திரைக்கு வந்த அந்தப் படத்தில் கிருஷ்ணனாக ஆடுவது பால்கேயின் மகள், சிறுமி மந்தாகினி.