நீலகிரிப் பீட் படிவுகளும் மகரந்தச் சான்றின் வரம்பும்

நீலகிரி உச்சிப் புல்வெளிகள் மனிதர் காட்டை எரித்ததால் உருவானவையா, இயற்கையிலேயே தொன்மையானவையா என்னும் வினா நெடுங்காலமாக விவாதிக்கப்படுகிறது. உறைபனியே சோலை மரங்கள் புல்வெளியில் பரவாமல் தடுக்கிறது என 1938இல் சி. ஆர். ரங்கநாதன் வாதிட்டார். பிற்கால ஆய்வாளர்கள் சதுப்புகளின் பீட் அடுக்குகளில் தங்கிய மகரந்தத் துகள்களை எண்ணி விடை தேடினர்.

அவ்வெண்ணிக்கையை அப்படியே நிலப்பரப்பாகக் கொள்ளுதல் பொருந்தாது. புல் தன் மகரந்தத்தைக் காற்றில் மிகுதியாகத் தூவும். சோலை மரங்களுள் பல பூச்சிகளை நம்பியவை. அவற்றின் துகள் சதுப்பை அரிதாகவே அடையும். சதுப்பிலேயே வளரும் புல்லும் கணக்கில் சேர்ந்துவிடும். போதாக்குறைக்கு, விழுக்காட்டில் ஒன்று கூடினால் மற்றது குறைந்தே தோன்றும். எனவே புல் துகளின் மிகுதி மட்டுமே காடின்மைக்குச் சான்றாகாது.

1993இல் சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் ஆகியோர் பீட்டின் கார்பன் ஐசோடோப்பு விகிதத்தை அளந்து, சுமார் 20,000 ஆண்டுக்காலத் தாவர மாற்றத்தை முன்வைத்தனர். இவ்வளவீடு மகரந்த உற்பத்தியைச் சாராதது. பனியூழி உச்சத்தில் சி4 வகைப் புற்கள் மிகுந்திருந்ததை அவர்கள் வறட்சியின் அடையாளமாகக் கொண்டனர். ஆயின் அன்றைய வளிமண்டலத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 190 பிபிஎம் மட்டுமே. அக்குறைவும் சி4 புற்களுக்குச் சாதகமானதே. ஆகவே வறட்சியின் அளவு ஐயத்துக்குரியது. மலையில் உழவு தொடங்குவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்குப் புல் இருந்தது என்பது ஐயத்துக்குரியதன்று. அப்புல்வெளி எவ்வளவு பரந்திருந்தது என்பதை ஒரு சதுப்பின் படிவைக் கொண்டு கூறவியலாது.