பிடி அரிசியும் கிறிஸ்து பிறப்பும்

தென் தமிழகத்துச் சீர்திருத்தச் சபைகளில் வழங்கிவந்த காணிக்கைகளுள் மிக எளியதும், கொடுப்பவரை மிக ஆழமாகத் தொட்டதும் 'பிடி அரிசி'யாகும். அன்றைய சோற்றுக்கென அளந்தெடுத்த அரிசியை உலையில் இடுமுன் வீட்டுப் பெண் அதிலிருந்து ஒரு பிடியை அள்ளித் தனிக் கலயத்தில் போட்டுவைப்பாள். வாரம் முழுவதும் அவ்வாறு சேர்ந்தது ஞாயிறன்று ஆலயத்துக்குச் சென்று, விலையாகி, சபையின் ஊழியத்துக்குப் பயன்பட்டது. அளந்த பிறகு எடுப்பதால் அன்றைய சோறு அந்தப் பிடியளவு குறைந்தே தீரும். இவ்வழக்கத்தின் உயிர் அந்தக் குறைவில்தான் இருக்கிறது.

காஞ்சி சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரஸ்வதியும் ஏழைகளுக்கு அன்னமிடப் பிடி அரிசி ஒதுக்குமாறு இல்லத்தரசிகளை வலியுறுத்தியவர் என்பதால், இவ்வழக்கம் கிறிஸ்தவர்க்கு மட்டும் உரியதன்று. ஆயினும் கிறிஸ்தவர் அதற்குக் கண்ட காரணம் பெத்லகேமில் தொடங்குகிறது. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் பவுல், கொடிய வறுமையிலும் மகிழ்ச்சியோடு வாரி வழங்கிய மக்கெதோனியா சபைகளைப் புகழ்ந்த கையோடு, செல்வமுடைய கிறிஸ்து மனிதருக்காக ஏழையானதை நினைவூட்டுகிறார். கிறிஸ்து பிறப்பே அந்த ஏழ்மையின் தொடக்கம். ஆகவே ஏழையின் ஈகை அதற்கு மிக நெருங்கிய மறுமொழியாகிறது.

1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் தோன்றிய திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கமும், 1905ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளிலேயே வங்காளத்துச் செராம்பூரில் நிறுவப்பட்ட தேசிய மிஷனரி சங்கமும் இந்தியரின் பணத்தாலும் உழைப்பாலுமே நற்செய்திப் பணி நடக்கவேண்டும் என்னும் உறுதியில் பிறந்தவை. இரண்டையும் உருவாக்கியவர்களுள் ஒருவரான வெள்ளாளன்விளை வே. ச. அசரியா 1909இல் நிஜாம் ஆட்சிப் பகுதியிலிருந்த தோர்ணக்கல்லுக்குச் சென்றார். 1912 டிசம்பர் 29 அன்று ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். தோர்ணக்கல்லில் சபையில் சேர்ந்தோருள் பெரும்பாலோர் மாலா, மாதிகா சாதிகளைச் சேர்ந்த நிலமற்ற கூலிகள். அவர்கள் ஏழைகள் என்பதற்காகக் கொடுக்கும் கடமையிலிருந்து அவர்களை விலக்கிவைக்க அசரியா இசையவில்லை. அங்கும் பெண்கள் பிடி அரிசி கொண்டுவந்தனர். தலைமுறை தலைமுறையாகப் பிறர் இட்டதை வாங்கியே பழக்கப்படுத்தப்பட்டவர்கள் தாமும் இடுவோராக நின்றதில் பிறந்த மகிழ்ச்சி, பசியாறும் மகிழ்ச்சியைவிடப் பெரிதாகவே இருந்திருக்க வேண்டும். அவர்களின் பேராலயம், சாஸ்திரிகள் பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் படைத்துக் குழந்தை இயேசுவைப் பணிந்ததை நினைவுகூரும் பிரசன்னத் திருநாளின் பெயரைத் தாங்கி, அத்திருநாளான 1939 ஜனவரி 6 அன்றே பிரதிஷ்டை செய்யப்பட்டது.

பிடி அரிசிக்கு அவரவர் அடுப்பு வேண்டும். ஆனால் 2024 ஆகஸ்டில் காஞ்சிபுரம் மாவட்டத்து வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட, 18,720 பெண் தொழிலாளர் தங்கக்கூடிய விடுதி வளாகம் போன்ற இடங்களில் சமையல் பொதுவானது. கலயத்துக்கு அங்கே இடமில்லை. அத்தகைய விடுதியில் வாழும் கிறிஸ்தவப் பெண் இவ்வழக்கத்தைக் காக்க விரும்பினால், சம்பளம் கைக்கு வந்த நாளிலேயே, வீட்டுக்கு அனுப்பும் தொகையைப் பிரிக்கும்போதே, காணிக்கையையும் எடுத்துவைக்க வேண்டியிருக்கும். மாதக் கடைசியில் மிஞ்சியதைக் கொடுப்பது பிடி அரிசி ஆகாது.