கட்டிலா ஆற்றல்: கருத்தின் வரலாறு

ஒரு வேதிவினை எந்தத் திசையில் தானாக நடக்கும்? 19 ஆம் நூற்றாண்டு வேதியியலாளர் பலர் இதற்குக் கண்ட விடை வெப்பம். விறகு எரியும்போதும், சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றும்போதும் வெப்பம் வெளிப்படுகிறது. டென்மார்க்கின் ஜூலியஸ் தாம்சன் 1854 இல் வெளிப்படும் வெப்பமே வேதி நாட்டத்தின் அளவு என்றார். புற ஆற்றல் குறுக்கிடாவிட்டால் மிக அதிக வெப்பத்தை வெளியிடும் மாற்றமே நிகழும் என்று பிரான்சின் மார்செலின் பெர்த்தலோ 1870களில் வலியுறுத்தினார். இது ‘பெரும வேலைக் கொள்கை’ எனப்பட்டது.

இதற்கு முரணான சான்றுகள் கையெட்டும் தூரத்திலேயே இருந்தன. நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு) நீரில் தானாகக் கரைகிறது. ஆனால் குவளை குளிர்ந்துவிடுகிறது. இவை இயற்பியல் மாற்றங்கள் என்று பெர்த்தலோ ஒதுக்கினார். ஆல்ககாலும் அமிலமும் எசுத்தராகும் வினை முழுமையடையாமல் நின்றுவிடுவதை 1862 இல் ஆராய்ந்தவர்களுள் அவரும் ஒருவர் என்பதுதான் வியப்பு. வெப்பம் மட்டுமே திசையைத் தீர்மானித்தால் இத்தகைய சமநிலைக்கு இடமே இல்லை.

விடுபட்ட கூறு இயற்பியலில் இருந்து வந்தது. மீள்முறையில் பெறப்படும் வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்துக் கிடைக்கும் அளவுக்கு, 1865 இல் ருடால்ஃப் கிளாசியஸ் ‘என்ட்ரோபி’ எனப் பெயரிட்டார். மாற்றம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லை எடுத்து, ‘எனர்ஜி’யுடன் ஒலியொத்திருக்குமாறு அமைத்த பெயர் இது. மாணவர்கள் மனப்பாடம் செய்யும் ‘ஒழுங்கின்மை’ என்ற விளக்கம் அவருடைய வரையறையில் இல்லை.

இதை வேதியியலுக்கு முழுமையாகப் பொருத்தியவர் அமெரிக்காவின் யேல் கல்லூரியில் முதல் ஒன்பது ஆண்டுகள் ஊதியமின்றிப் பணியாற்றிய வில்லார்ட் கிப்ஸ். 1876, 1878 ஆண்டுகளில் இரு பகுதிகளாக வந்த அவரது நீண்ட கட்டுரை, அதிகம் பேர் படிக்காத ஓர் இதழில் வெளியானது. என்தால்பியிலிருந்து, வெப்பநிலையையும் என்ட்ரோபியையும் பெருக்கி வரும் தொகையைக் கழித்தால் கிடைப்பதே இன்று கிப்ஸ் கட்டிலா ஆற்றல் எனப்படுகிறது. மாறா வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் இது குறையும் திசையிலேயே வினை நகரும்.

பனிக்கட்டியைக் கொண்டு இதைச் சோதிக்கலாம். ஒரு மோல் உருக ஏறத்தாழ 6,010 ஜூல் வெப்பம் வேண்டும். என்ட்ரோபி கெல்வினுக்கு 22 ஜூல் கூடும். 283 கெல்வினில் பெருக்குத்தொகை 6,226. வெப்பத்தை மிஞ்சுவதால் பனி உருகும். 263 கெல்வினில் 5,786 மட்டுமே, உருகாது. 273 இல் இரண்டும் ஏறத்தாழச் சமம்.

ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1882 இல் தனியாக இதையொத்த முடிவுக்கு வந்து, வேலையாக மாற்றக்கூடிய பகுதியைக் ‘கட்டிலா ஆற்றல்’ என்றும் எஞ்சியதைக் ‘கட்டுண்ட ஆற்றல்’ என்றும் பிரித்தார். தமிழ்ச்சொல் இவ்வேறுபாட்டை நன்றாகவே தாங்குகிறது.

பெர்த்தலோவின் செல்வாக்குக்கு விலை கொடுத்தவர் பியர் துயெம். 1884 இல், மாணவராக இருந்தபோதே, பெரும வேலைக் கொள்கையை மறுக்கும் ஆய்வேட்டைப் பாரிசில் அளித்தார். அது நிராகரிக்கப்பட்டது. 1886 இல் அதை நூலாக வெளியிட்டார். அதே ஆண்டின் இறுதியில் பெர்த்தலோ கல்வி அமைச்சரானார். துயெம் லீல், ரென், போர்தோ நகரங்களில் கற்பித்தார். 1916 இல் இறக்கும்வரை பாரிசில் அவருக்குப் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை.

கிப்ஸின் கட்டுரையை ஆஸ்ட்வால்ட் 1892 இல் ஜெர்மனில் வெளியிட்டார். பிரெஞ்சு வடிவம் லெ சாட்லியர் வழியாக 1899 இல் வந்தது. 1923 இல் லூயிசும் ராண்டலும் எழுதிய பாடநூலுக்குப் பின் கட்டிலா ஆற்றல் கணக்கீடு வேதியியல் வகுப்பறைகளில் பரவலாயிற்று.