பெயர் சொல்லாத கண்டனம்: ஆப்கானிஸ்தான் படையெடுப்பும் சிறிய நாடுகளின் வாக்கும் (1980–1988)

1979 டிசம்பர் 27 இரவு காபூலின் தாஜ்பேக் மாளிகையைச் சோவியத் சிறப்புப் படையினர் தாக்கினர். ஆப்கானிஸ்தான் ஆட்சித் தலைவர் ஹஃபிசுல்லா அமீன் அங்கே கொல்லப்பட, பப்ரக் கர்மல் அந்த இடத்தில் அமர்த்தப்பட்டார். காபூல் அரசு அழைத்ததால்தான் படை அனுப்பினோம், 1978 டிசம்பரில் செய்துகொண்ட நட்புறவு உடன்படிக்கையும் ஐ.நா. சாசனத்தின் 51ஆவது பிரிவும் அதற்கு இடமளிக்கின்றன என்றது மாஸ்கோ. அழைத்ததாகச் சொல்லப்பட்ட அரசின் தலைவரே வந்தவர்கள் கையால் மாண்டது எப்படி என்பதற்கு அதில் விடை இல்லை.

இதற்கு உலகம் காட்டிய எதிர்வினையை கார்ட்டரும் பிரெஷ்னெவும் மோதிக்கொண்ட கதையாக எழுதுவதே வழக்கமாகிவிட்டது. ஆவணங்கள் வேறொன்றைக் காட்டுகின்றன. வாஷிங்டனின் தண்டனைகள் ஓரிரு ஆண்டில் தளர்ந்தன. வங்கதேசம், நைஜர், ஜமைக்கா போன்ற நாடுகள் தொடங்கிவைத்த தீர்மான வழியே எட்டாண்டு நீடித்தது.

தண்டனைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1980 ஜனவரி 4 அன்று சோவியத்துக்கு அனுப்ப இருந்த 1.7 கோடி டன் தானியத்தை கார்ட்டர் நிறுத்தினார். அர்ஜென்டினா தன் தானியத்தை விற்று அந்தப் பள்ளத்தில் பெரும்பகுதியை நிரப்பியது. அமெரிக்க விவசாயிகளின் அதிருப்திக்குப் பின் 1981 ஏப்ரலில் ரீகன் தடையை நீக்கினார். மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்தபோதும் 80 நாடுகள் பங்கேற்றன. தாட்சர் எதிர்த்தும் பிரிட்டன் வீரர்கள் சென்றார்கள். நம் வாசகர்களுக்கு அந்த ஒலிம்பிக் வேறு காரணத்தால் நினைவில் இருக்கும்: தமிழகத்தின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்திய ஹாக்கி அணி தங்கம் வென்றது அங்கேதான். பாகிஸ்தானும் மேற்கு ஜெர்மனியும் அந்தப் போட்டிக்கு வரவில்லை.

இனி நியூயார்க். 1980 ஜனவரி 7 அன்று பாதுகாப்புச் சபையில் வாக்கெடுப்புக்கு வந்த வரைவுத் தீர்மானத்தை முன்மொழிந்தவை வங்கதேசம், ஜமைக்கா, நைஜர், பிலிப்பைன்ஸ், துனிசியா, ஜாம்பியா ஆகிய ஆறு நாடுகள். வல்லரசு ஒன்றுகூட அவற்றில் இல்லை. ஆதரவாக 13 வாக்குகள். எதிர்த்தவை சோவியத் யூனியனும் கிழக்கு ஜெர்மனியும் மட்டுமே. சோவியத் வாக்கு வீட்டோ ஆகிவிட்டதால் தீர்மானம் தோற்றது.

கதவு அத்தோடு மூடவில்லை. 1950இல் பொதுச் சபை நிறைவேற்றிய ‘அமைதிக்காக ஒன்றிணைதல்’ தீர்மானத்தின்படி, வீட்டோவால் முடங்கிய விவகாரத்தைப் பொதுச் சபையின் அவசரச் சிறப்புக் கூட்டத்துக்கு மாற்றலாம். அப்படி மாற்றுவது நடைமுறை சார்ந்த முடிவு, எனவே வீட்டோ அதைத் தொடாது. 1956இல் ஹங்கேரி விவகாரமும் இந்த வழியாகத்தான் பொதுச் சபைக்குப் போனது. ஜனவரி 9 அன்று 462ஆம் தீர்மானம் 12 வாக்குகளோடு நிறைவேறியது. ஐந்தே நாளில், ஜனவரி 14 அன்று பொதுச் சபை வாக்களித்தது: ஆதரவு 104, எதிர்ப்பு 18, நடுநிலை 18.

அந்தத் தீர்மானத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். அண்மைய ஆயுதத் தலையீட்டுக்கு அது கடுமையாக வருந்துகிறது. அந்நியப் படைகள் உடனடியாக, நிபந்தனையின்றி, முழுமையாக வெளியேற வேண்டும் என்கிறது. ஆப்கன் மக்கள் தங்கள் ஆட்சியைத் தாங்களே தீர்மானிக்கும் உரிமையை வலியுறுத்துகிறது. ‘சோவியத் யூனியன்’ என்ற பெயர் மட்டும் எங்கும் இல்லை. இதைக் கோழைத்தனம் என்று கொள்வது எளிது. நான் அப்படிக் கருதவில்லை. மாஸ்கோவின் உதவியை நம்பியிருந்த நாடுகளும், அமெரிக்கப் பாசறையில் சேர்ந்துவிட்டதாகத் தோன்ற விரும்பாத நாடுகளும் ஒரே பக்கம் நிற்க அந்த மௌனமே இடம் கொடுத்தது. கோரிக்கையின் கூர்மை அதனால் மழுங்கவுமில்லை.

இந்தியா அந்த 104இல் இல்லை. சரண் சிங்கின் காபந்து அரசு படைகள் வெளியேற வேண்டும் என்று சோவியத் தூதரிடம் சொல்லியிருந்தது. ஜனவரி முதல் வாரத் தேர்தலில் இந்திரா காந்தி வென்றார். அவர் இன்னும் பதவியேற்காத நிலையில், ஜனவரி 11 அன்று இந்தியப் பிரதிநிதி பிரஜேஷ் மிஸ்ரா பொதுச் சபையில் பேசினார்: ஆப்கன் அரசின் வேண்டுகோளின்பேரில் வந்ததாகவும், கேட்டுக்கொண்டால் திரும்புவதாகவும் சோவியத் தரும் உறுதியைச் சந்தேகிக்கக் காரணமில்லை என்பது பேச்சின் சாரம். வாக்கெடுப்பில் இந்தியா நடுநிலை வகித்தது. ஆயுதத் தேவையும் பாகிஸ்தானுக்கு அமெரிக்க ஆயுதம் வந்து சேரும் என்ற அச்சமும் இதற்குப் பின்னால் இருந்தன. அந்த அச்சம் பொய்க்கவும் இல்லை. ஆனாலும் காலனி ஆதிக்கத்தை எதிர்த்துப் பிறந்த ஒரு குடியரசின் வாயிலிருந்து அந்தச் சொற்கள் வந்திருக்கக் கூடாது என்றே எண்ணுகிறேன். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் புதுடெல்லியில் கூடிய அணிசேரா நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் அந்நியப் படைகள் வெளியேறுவதை உள்ளடக்கிய அரசியல் தீர்வைக் கோரினார்கள். இந்தியாவே நடத்திய மாநாடு அது. அங்கும் சோவியத் பெயர் எழுதப்படவில்லை.

அணிசேரா இயக்கத்தின் தலைமை அப்போது கியூபாவிடம் இருந்தது. கியூபாவோ பொதுச் சபையில் எதிர்த்து வாக்களித்திருந்தது. இஸ்லாமிய நாடுகளுக்கு அத்தகைய இழுபறி இல்லை. 1980 ஜனவரி இறுதியில் இஸ்லாமாபாத்தில் கூடிய அவற்றின் வெளியுறவு அமைச்சர்கள் ஆப்கானிஸ்தானின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தார்கள்.

பிறகு ஒவ்வோர் ஆண்டும் அதே கோரிக்கை பொதுச் சபைக்கு வந்தது. 1980 நவம்பரில் 111 நாடுகள் ஆதரித்தன, 1981இல் 116, 1985இல் 122, 1987இல் 123. சலிப்பும் மறதியும் வரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இந்த எண்கள் ஏமாற்றமாகவே இருந்திருக்கும்.

அந்தத் தீர்மானங்கள் பொதுச் செயலாளருக்கு ஒரு சிறப்புப் பிரதிநிதியை அமர்த்தும் அதிகாரத்தையும் தந்தன. முதலில் அப்பணியை ஏற்ற பெரெஸ் தெ குயேயார் 1982இல் தாமே பொதுச் செயலாளரானார். ஈக்வடாரைச் சேர்ந்த தியேகோ கோர்தோவெஸ் அதைத் தொடர்ந்தார். 1982 ஜூனில் ஜெனீவாவில் பேச்சு தொடங்கியது. கர்மல் அரசை அங்கீகரிக்காத பாகிஸ்தான் நேருக்கு நேர் அமர மறுத்ததால், ஒரு தரப்பின் சொல்லை மறு தரப்பிடம் கோர்தோவெஸே எடுத்துச் சென்றார். தலையிடாமை, அகதிகள் திரும்புதல் ஆகியவற்றில் உடன்பாடு நெருங்கியபோதும், படை விலகலுக்கான கால அட்டவணையில் பேச்சு ஆண்டுக்கணக்கில் சிக்கி நின்றது. 1986 பிப்ரவரியில் கட்சி மாநாட்டில் ஆப்கானிஸ்தானை இரத்தம் கசியும் காயம் என்று கோர்பச்சேவ் வர்ணித்த பிறகே முடிச்சு அவிழத் தொடங்கியது.

மாஸ்கோவை வெளியேற வைத்தது வாக்குகள் மட்டுமல்ல. மலைகளில் நடந்த போரும், சுமார் 15,000 சோவியத் வீரர்களின் மரணமும், தோளில் வைத்துச் சுடும் அமெரிக்க ஏவுகணைகளும், கோர்பச்சேவின் உள்நாட்டுக் கணக்குகளும் சேர்ந்தே முடிவை உருவாக்கின. ஆனால் வெளியேற முடிவெடுத்தபோது, தோல்வியை ஒப்புக்கொள்ளும் ஆவணத்தில் கையெழுத்திட வேண்டிய நிலை மாஸ்கோவுக்கு இல்லை. 1988 ஏப்ரல் 14 அன்று கையெழுத்தான ஜெனீவா உடன்படிக்கையும் ‘அந்நியப் படைகள்’ படிப்படியாக விலகும் என்றே சொன்னது. 1989 பிப்ரவரி 15 அன்று கடைசிப் படைப்பிரிவு ஆமு தர்யாவைக் கடந்தது. அதற்கு முன்பே, 1988 நவம்பரில், பொதுச் சபையின் ஆப்கானிஸ்தான் தீர்மானம் முதன்முறையாக வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேறியிருந்தது.

ஜெனீவா உடன்படிக்கையில் காபூலும் இஸ்லாமாபாத்தும் கையெழுத்திட்டன. மாஸ்கோவும் வாஷிங்டனும் உத்தரவாதம் தந்தன. சோவியத் படையோடு களத்தில் போரிட்ட ஆப்கன் குழுக்களுக்கோ, பாகிஸ்தான் முகாம்களில் இருந்த 30 லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகளுக்கோ அந்த மேசையில் இடமில்லை. ஆப்கன் தரப்புகளுக்கிடையே போர்நிறுத்தம் பற்றியோ, அடுத்த ஆட்சி எப்படி அமையும் என்பது பற்றியோ அதில் விதி கிடையாது. இரு வல்லரசுகளும் தத்தம் தரப்புக்கு ஆயுதம் அனுப்புவதைத் தொடர்ந்தன. படைகள் வெளியேற வேண்டும் என்ற கோரிக்கைக்கு அட்டவணையும் கண்காணிப்பாளர்களும் கிடைத்தார்கள். 1980 ஜனவரித் தீர்மானத்தில் அதற்கு அருகிலேயே இருந்த, ஆப்கன் மக்கள் தங்கள் ஆட்சியைத் தாங்களே தீர்மானிக்கும் உரிமைக்கு எந்த ஏற்பாடும் செய்யப்படவில்லை. 1992 ஏப்ரலில், கர்மலுக்குப் பின் ஆட்சிக்கு வந்த நஜிபுல்லாவின் அரசு விழுந்ததும் காபூலைக் கைப்பற்றிய குழுக்கள் தங்களுக்குள் போரிடத் தொடங்கின.