கூடம் கோணலா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நம்மவர்கள் பரிகாசம் செய்வதுண்டு. ஆயினும் குறிபார்த்துச் சுடும் வித்தையின் சரித்திரத்தைப் புரட்டினால், கூடம் மெய்யாகவே கோணலாயிருந்த சந்தர்ப்பங்கள் ஒன்றிரண்டல்ல என்பதும், அந்தக் கோணல் எந்த மூலையில் ஒளிந்திருக்கிறதென்று தேடுவதிலேயே சிலர் ஆயுளில் பெரும் பகுதியைச் செலவிட்டார்கள் என்பதும் தெரியவரும். குண்டு இலக்கை விட்டு விலகினால் சுட்டவன் காற்றைப் பழிப்பான். பக்கத்தில் நிற்பவன் சுட்டவன் கையைப் பழிப்பான். துப்பாக்கி செய்தவனோ மருந்தின்மீது குற்றத்தைச் சுமத்திவிட்டு நகர்ந்துவிடுவான். மூவர் சொல்வதும் ஏககாலத்தில் உண்மையாயிருக்கக்கூடும் என்பதுதான் சங்கடம்.

கிரிமியா யுத்தம் நடந்துகொண்டிருந்த 1854-ல் பிரிட்டிஷ் சேனைக்கு என்ஃபீல்டு ரைபிள்கள் ஏராளமாகத் தேவைப்பட்டன. அவற்றைச் செய்யும் யந்திரங்கள் விஷயமாகச் சேனாதிபதி ஹார்டிஞ்சு பிரபு நாடியது மான்செஸ்டர் நகரத்து ஜோசப் விட்வொர்த் என்பவரை. விட்வொர்த் பரம்பரைத் துப்பாக்கிக்காரர் அல்லர். திருகாணிப் புரிகளுக்குத் தேசம் முழுவதற்கும் பொதுவான அளவு வேண்டுமென்று 1841-லேயே வாதாடியவர். ஓர் அங்குலத்தைப் பத்து லட்சம் பங்காக்கி அதில் ஒரு பங்கை அளந்து காட்டும் கருவியைச் செய்தவர். அப்படிப்பட்டவருக்கு, குழலின் விட்டம் இவ்வளவு, உள்ளே ஓடும் சுழற்புரி இத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பவற்றுக்குக் காரணம் இன்னதென்று பரீட்சையால் தெளியாமல் யந்திரத்தில் கைவைக்க மனம் ஒப்பவில்லை.

ஆகவே, சர்க்கார் செலவில், ஃபாலோஃபீல்டில் தம் வீட்டுத் தோட்டத்தில் 500 கஜ நீளத்துக்கு மூடிய கூடமொன்று கட்டினார். கோணலைக் கண்டுபிடிக்க நேரான கூடம்! முதலில் கட்டியதைப் புயல் சாய்த்துவிட்டது, மறுபடியும் எழுப்பினார். அதனுள்ளே காற்றுக்கு அனுமதியில்லை. மூன்று பழிகளில் ஒன்று வாசலிலேயே நின்றுவிட்டது. வழிநெடுக மெல்லிய காகிதத் திரைகளைத் தொங்கவிட்டுச் சுட்டார். திரையில் விழுந்த துளை வட்டமாயிருந்தால் குண்டு தலை நிமிர்ந்து நேராகப் போயிருக்கிறது என்று அர்த்தம். நீண்டு சிதைந்திருந்தால் அது குடைசாய்ந்து பக்கவாட்டில் போயிருக்கிறது. கண்ணால் தொடரமுடியாத வேகத்தில் நடந்த குற்றத்துக்கு இப்படிக் காகிதமே சாட்சியாயிற்று. எனக்கு இந்த எளிய உபாயம் அவருடைய மற்றெல்லா யந்திரங்களையும்விடப் பெரிதாகப் படுகிறது.

என்ஃபீல்டின் குழல் விட்டம் 0.577 அங்குலம், அதன் புரி 78 அங்குலத்துக்கு ஒரே ஒரு சுற்று. மந்தமாகச் சுழலும் பம்பரம் தலையாட்டுவதைப் பார்க்காத குழந்தை உண்டா? நீண்ட குண்டுக்கு அவ்வளவு சோம்பலான சுழற்சி போதாது. விட்வொர்த் பல அளவுகளைச் சோதித்து, விட்டத்தை 0.45 அங்குலமாகக் குறுக்கி, 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று தீர்மானித்து, குழலின் உட்புறத்தையே ஆறு பட்டையாக்கி, அதற்கு இசைந்த பட்டைக் குண்டை வார்த்தார். எடை பழைய 530 கிரெயின்தான். ஆனால் விட்டம் குறைந்ததனால் குண்டு நீண்டு மெலிந்தது. 1857-ல் ஹைத் என்னுமிடத்தில் இரண்டையும் ஒப்பிட்டுச் சுட்டபோது, 500 கஜத்தில் என்ஃபீல்டின் சராசரி விலகல் 2.24 அடியாகவும் விட்வொர்த்தினது 0.37 அடியாகவும் இருந்தன. 1400 கஜத்திலோ என்ஃபீல்டு இலக்கைத் தொடவேயில்லை. அத்தனையும் பார்த்த பிறகும், குழல் யுத்தத்துக்கு மிகக் குறுகலானது என்ற ஆட்சேபம் எழுந்தது. அதை முழுக்க மூடத்தனமென்று தள்ளிவிட முடியாது. கருமருந்தின் கரி படியப்படிய, குறுகிய குழலில் அடுத்த குண்டை இடித்து இறக்குவது லேசான காரியமல்ல.

1860 ஜூலையில் நேஷனல் ரைபிள் அசோசியேஷனின் முதல் போட்டியை விம்பிள்டனில் விக்டோரியா மகாராணி ஆரம்பித்துவைத்தார். இரும்புத் தாங்கியில் முன்னதாகவே குறிபார்த்துப் பொருத்திய விட்வொர்த் ரைபிளின் விசையிலிருந்து ஒரு பட்டுக்கயிறு. மகாராணி அதை இழுத்தார். 400 கஜத்துக்கு அப்பால் குண்டு நடுப்புள்ளியிலிருந்து 1¼ அங்குலத்தில் விழுந்தது. சபை ஆரவாரித்தது. சுட்டது மகாராணியா, தாங்கியா என்று அந்தச் சமயத்தில் யார் கேட்பார்கள்?

அந்தத் தாங்கியைப் பிடிவாதத்தின் எல்லைவரை கொண்டுபோனவர் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாகாணத்து மில்ஃபோர்டு ஊரில் இருந்த டாக்டர் பிராங்ளின் மான். வைத்தியம் படித்த அவருக்குத் துப்பாக்கியே தீராத நோயாளி. கான்கிரீட்டால் அசையாத தூணொன்று எழுப்பி, அதற்கு ஜிப்ரால்டர் பாறையின் பெயரைச் சூட்டி, அதன்மேல் குழலைப் பள்ளத்தில் கிடத்திச் சுட்டார். மனிதனின் தோளும் மூச்சும் விலக்கப்பட்டன. பிறகு குண்டுகளை வேண்டுமென்றே ஊனப்படுத்தினார். மூக்கு நசுங்கிய குண்டு பெரும்பாலும் ஒழுங்காகவே போயிற்று. அடிப்பாகம் கொஞ்சம் சாய்வாக வெட்டப்பட்ட குண்டோ வெகுதூரம் விலகி விழுந்தது. குழல் வாயைக் கடக்கும் கணத்தில் அடிப்பாகத்தின் ஒருபுறம் முந்திக்கொண்டால், வெடிவாயு அப்பக்கமாகச் சீறி வெளியேறிக் குண்டை இடறிவிடுகிறது. முகத்தைச் சந்தேகித்த உலகத்துக்கு அவர் குதிகாலைச் சுட்டிக்காட்டினார். 1909-ல் வெளிவந்த அவருடைய பெரிய நூலில், இத்தனையும் திருத்திய பின்னும் மிஞ்சிய பிழைக்கு ‘எக்ஸ்’ பிழை என்றே பெயர்.

இன்றும் 50 மீட்டர் போட்டிக்காரர்கள், தாங்குகட்டையின் திருகுகளை முறுக்கிப் பார்த்து, குழல் வாயின் விளிம்பைப் பூதக்கண்ணாடியால் ஆராய்ந்து, அதற்கும் மசியாவிட்டால் ஈலி, லபுவா முதலிய தோட்டாக் கம்பெனிகளின் சோதனைக்கூடத்துக்குத் துப்பாக்கியை எடுத்துப் போகிறார்கள். அங்கே குழலை இடுக்கியில் பூட்டி, ஒரே பெயருள்ள தோட்டாவிலேயே வெவ்வேறு தயாரிப்புத் தொகுதிகளை மாற்றி மாற்றிச் சுடுகிறார்கள். ஒரு தொகுதி ஒற்றைத் துளையாகக் குவியும். அடுத்தது, காரணம் சொல்லாமல், சிதறும். குவிந்த தொகுதியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதையே பெட்டி பெட்டியாக வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.