டெனினோ சிட்டிசன்ஸ் வங்கி: ஒரு சிற்றூர் வங்கியின் மூடலும் கலைப்பும்

டெனினோ சிட்டிசன்ஸ் வங்கி, அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தில், தர்ஸ்டன் மாவட்டத்து டெனினோ ஊரில் இயங்கிவந்த சிறு வங்கி. ஊரின் மக்கள்தொகை அப்போது ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. 1931 டிசம்பர் 5, சனிக்கிழமையன்று வங்கி மூடப்பட்டது. அந்த ஓர் ஆண்டில் அமெரிக்காவில் கதவடைத்த 2,293 வங்கிகளில் இதுவும் ஒன்று. மற்றவற்றில் பலவற்றின் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை. முடங்கிப்போன டெபாசிட்டை நம்பி டெனினோ மக்கள் மரச்சீவலில் பணம் அச்சிட்டார்கள். அதனால் இந்த வங்கியின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

பெருமந்தக் காலத்து வங்கி வீழ்ச்சி என்றதும் பூட்டிய கதவும் அதன்முன் நிற்கும் கூட்டமும்தான் கண்முன் வரும். ஆனால் மூடல் ஒரு நாளில் முடிந்துவிடும். கலைப்புக்கு வருடங்கள் ஆகும். ஊர்களை அதிகம் வதைத்தது அந்த வருடங்கள்தான் என்பதால் இக்கட்டுரையும் அவற்றையே கூடுதலாகப் பேசுகிறது.

ஊருக்கொரு வங்கி

1921இல் அமெரிக்காவில் ஏறக்குறைய 30,000 வங்கிகள் இருந்தன. பல மாநிலங்களில் ஒரு வங்கி இன்னோர் ஊரில் கிளை திறக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே ஒவ்வொரு ஊரும் தனக்கென ஒரு வங்கியை வைத்துக்கொண்டது. 1900ஆம் ஆண்டுச் சட்டப்படி, 3,000 பேருக்கு மேற்படாத ஊரில் 25,000 டாலர் மூலதனம் இருந்தாலே தேசிய வங்கி தொடங்கிவிடலாம். மாநில உரிமம் பெறும் வங்கிகளுக்கு அதைவிடக் குறைவான தொகையே பல இடங்களில் போதுமாக இருந்தது. ஊர்க் கடைக்காரர், மருத்துவர், மரஅறுவை ஆலைக்காரர், வசதியுள்ள இரண்டொரு விவசாயிகள் ஆகியோர் பங்கு போட்டு இயக்குநர்களாக அமர்வார்கள்.

இந்த அமைப்புக்கு ஒரு பலம் உண்டு. யார் கடனைத் திருப்புவார், யார் இழுத்தடிப்பார் என்பது அந்த வங்கியாளருக்கு மனப்பாடம். ஒருவர் கேட்டு வாங்கும் கடனுக்கு அவருடைய நிலப்பத்திரம் எவ்வளவு ஈடோ, அவர் குணமும் அவ்வளவு ஈடு. பலவீனமும் அங்கேயே இருந்தது. ஊர் கோதுமையை நம்பியிருந்தால் வங்கியும் கோதுமையை நம்பியிருந்தது. மரத்தை நம்பியிருந்தால் மரத்தை. 1919இல் ஒரு புஷல் கோதுமை 2 டாலருக்கு மேல் விற்றது; 1932இல் 40 சென்டுக்கும் கீழே போனது. போர்க்கால விலையைக் கணக்கிட்டு வாங்கிய நிலக்கடன், அந்த விலை விழுந்தபோது வாராக்கடனானது. 1929 அக்டோபர் பங்குச்சந்தை வீழ்ச்சிக்கு முன்பே, 1921 முதல் 1929 வரையில் 5,000க்கும் மேற்பட்ட வங்கிகள் மூடப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை கிராமப்புறச் சிறு வங்கிகள். பங்குச்சந்தைதான் வங்கிகளைச் சாய்த்தது என்ற பொதுவான எண்ணம், சிற்றூர்களைப் பொறுத்தவரை தவறு.

டெனினோ மணற்கல்லுக்குப் பேர்போன ஊர். கான்கிரீட் பரவியதும் கல்குவாரித் தொழில் இறங்கிவிட்டது. வட்டாரத்தின் இன்னொரு பிழைப்பான மரத்தொழிலும் 1929க்குப் பின் படுத்தது.

டெபாசிட்டுக்கு உத்தரவாதம் தரும் முயற்சியை வாஷிங்டன் மாநிலம் ஏற்கெனவே ஒருமுறை செய்து பார்த்திருந்தது. 1907இல் ஓக்லஹோமா தொடங்கிவைத்து மேலும் ஏழு மாநிலங்கள் பின்பற்றிய ஏற்பாடு அது. உறுப்பு வங்கிகள் தரும் சந்தாவில் ஒரு நிதி திரட்டி, விழும் வங்கியின் டெபாசிட்தாரருக்கு அதிலிருந்து கொடுப்பார்கள். வாஷிங்டன் 1917இல் இதைக் கொண்டுவந்தது. 1921இல் அதன் பெரிய உறுப்பினரான சியாட்டில் ஸ்காண்டிநேவியன் அமெரிக்கன் வங்கியே விழுந்தது. நிதியும் அதோடு போனது. 1930 வாக்கில் எட்டு மாநிலங்களின் நிதிகளும் செயலற்றுவிட்டன. ஒரே தொழிலை நம்பிய வங்கிகள் ஒன்றுக்கொன்று ஜாமீன் நிற்க முடியாது என்பதை அந்த எட்டுத் தோல்விகளும் காட்டின. டெனினோவில் கதவு மூடியபோது டெபாசிட்தாரருக்குக் கைகொடுக்க எந்த நிதியும் இல்லை.

மூடிய நாள்

சிற்றூரில் வங்கி மூடுவது பெரும்பாலும் ஆரவாரமில்லாமல் நடக்கும். கையிருப்பு ரொக்கம் கரைவதைப் பார்த்த இயக்குநர்கள் இரவில் கூடிப் பேசுவார்கள். காலையில் கதவில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டிருக்கும்: வங்கி மாநில அதிகாரியின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது என்று இரண்டே வரி. அந்த நிமிடத்திலிருந்து கணக்குகள் அசையா. முந்தின நாள் எழுதிய காசோலை திரும்பி வரும். சம்பளக் காசோலையை மாற்றாமல் வைத்திருந்தவருக்கு அந்தச் சம்பளம் இல்லை. கடைக்காரருக்குச் சரக்கு வாங்கப் பணமில்லை. இருக்கும் சரக்கை வாங்க வருவோரிடமும் இல்லை.

டெனினோவில் வேறு வங்கி கிடையாது. சில்லறை மாற்றக்கூட வணிகர்கள் வெளியூருக்குப் போகவேண்டி வந்தது. டெபாசிட்தாரரின் பணம் முழுதாக அழிந்துவிடவில்லை. வங்கி கொடுத்த கடன்களாகவும் பத்திரங்களாகவும் இருக்கத்தான் செய்தது. ஆனால் எவர் கைக்கும் வராமல் உறைந்து கிடந்தது. கையில் இருக்கவேண்டிய பணம் காகிதத்தில் மட்டும் இருக்கும் இந்த நிலைதான் கலைப்புக் காலத்தின் உண்மையான வேதனை.

கலைப்பு

மூடிய வங்கியைக் கலைக்க ஒரு ரிசீவர் நியமிக்கப்படுவார். தேசிய வங்கியானால் நாணயக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் நியமிக்கும். மாநில வங்கியானால் மாநில அதிகாரியோ நீதிமன்றமோ. முதல் வேலையாக, வங்கியின் சொத்துகளை நல்லவை, சந்தேகத்துக்குரியவை, தேறாதவை எனப் பிரிப்பார். டெபாசிட்தாரர் ஒவ்வொருவரும் தம் பாஸ்புத்தகத்தோடு வந்து, இவ்வளவு வரவேண்டும் என்று எழுத்தில் உரிமை கோரவேண்டும். ரிசீவர் சரிபார்த்துச் சான்று கொடுப்பார். வசூல் சேரச் சேர, கோரிய தொகைக்கு நூற்றுக்கு இவ்வளவு என்ற விகிதத்தில் தவணையாகப் பங்கீடு நடக்கும். முதலில் 10 சதவீதம் வரலாம்; அடுத்த 5 சதவீதத்துக்கு ஓராண்டு காத்திருக்க நேரலாம்.

வசூலில்தான் ஊர் மறுபடி அடிபட்டது. வங்கியாளர் ஓர் அறுவடை பொய்த்தால் அடுத்த அறுவடைவரை பொறுப்பார். ரிசீவருக்கு அந்த அதிகாரமும் இல்லை, அந்த மனிதரைத் தெரியவும் தெரியாது. கடன்பத்திரம் முதிர்ந்தால் கேட்பார். கொடுக்காவிட்டால் அடமான நிலம் ஜப்தியாகி ஏலத்துக்குப் போகும். சுற்றுவட்டத்தில் பல வங்கிகள் ஒரே நேரத்தில் கலைக்கப்பட்டதால், ஒரே விதமான நிலமும் கருவிகளும் ஒரே சமயத்தில் சந்தைக்கு வந்து, வாங்க ஆளில்லாமல் விலை இன்னும் சரிந்தது. விலை சரியச் சரிய டெபாசிட்தாரருக்குக் கிடைப்பதும் குறைந்தது. கடனாளியும் டெபாசிட்தாரரும் ஒரே தெருக்காரர்கள். ஒருவருடைய சேமிப்பை மீட்பதற்காக அடுத்த வீட்டுக்காரரின் பண்ணையை விற்கும்படி அமைந்திருந்தது கலைப்பு முறை. இதில் ரிசீவரைக் குறைசொல்லிப் பயனில்லை; சட்டம் அவருக்கு வேறு வழி வைக்கவில்லை.

பங்குதாரர்களுக்கு இரட்டைப் பொறுப்பு இருந்தது. 100 டாலர் பங்கு வைத்திருந்தவர் அந்த 100 டாலரை இழப்பதோடு, வங்கியின் கடனுக்காக மேலும் 100 டாலர் வரை கட்டவேண்டும். உள்நாட்டுப் போர்க்காலத்துத் தேசிய வங்கிச் சட்டம் கொண்டுவந்த இந்த விதி, நிர்வாகிகளைக் கவனமாக நடக்கவைக்கும் என்று நம்பப்பட்டது. ஆனால் பெருமந்தத்தில் பங்குதாரரும் நொடித்திருந்தார்கள். கணவர் விட்டுச்சென்ற இரண்டு பங்கை வைத்துப் பிழைத்த விதவைக்கும் இந்தக் கூடுதல் கட்டணச் சீட்டு போய்ச் சேர்ந்தது.

ஒரு வங்கியைக் கலைத்துக் கணக்கை முடிக்கச் சராசரியாக ஆறு ஆண்டுகள் ஆயின. ஒரு வங்கிக்கு 21 ஆண்டுகள் எடுத்ததும் உண்டு. 1920களில் கலைக்கப்பட்ட மாநில வங்கிகளின் டெபாசிட்தாரருக்குச் சராசரியாக டாலருக்கு 62 சென்டும், தேசிய வங்கிகளின் டெபாசிட்தாரருக்கு 58 சென்டும் கிடைத்தன. காத்திருக்க முடியாதவர்கள் தம் உரிமையைப் பாதி விலைக்கும் அதற்குக் கீழும் விற்றுவிட்டுப் போனார்கள்.

மரப்பணம்

டெனினோ காத்திருக்க மறுத்தது. ஊர் வணிகர் சங்கம் ஒரு திட்டம் போட்டது. டெபாசிட்தாரர் தமக்கு வரவேண்டிய தொகையில் 25 சதவீதம் வரை சங்கத்தின் பெயருக்கு எழுதிக்கொடுக்கலாம். அதே மதிப்புக்குச் சங்கம் பதிலிப் பணம் தரும். ஊர்க் கடைகள் அதை ஏற்கும். கலைப்பில் பங்கீடு வரும்போது சங்கம் அதைப் பெற்று, பதிலிப் பணத்தை மீட்டுக்கொள்ளும். ரிசீவரின் கையில் உறைந்திருந்த பணத்தில் கால்பங்கை முன்கூட்டியே தெருவுக்குக் கொண்டுவந்த ஏற்பாடு இது. நிதி அறிஞர் எவரும் வந்து சொல்லித்தராமல் கடைக்காரர்கள் தாமே யோசித்தது என்பதைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

முதலில் வந்தது காகிதத்தில். தர்ஸ்டன் கவுன்டி இன்டிபென்டன்ட் என்ற உள்ளூர் வாரப் பத்திரிகையின் அதிபர் டான் மேஜர் தம் அச்சகத்தில் அடித்துக்கொடுத்தார். 1932 தொடக்கத்தில் காகிதத்துக்குப் பதிலாக மரம் வந்தது. ஸ்ப்ரூஸ், செடார் மரங்களை அட்டையைவிட மெல்லியதாகச் சீவி, அதன்மேல் அச்சிட்டார்கள். வெறும் சீவல் நரம்போடு பிளந்துவிடும் என்பதால், இரண்டு சீவல்களுக்கு நடுவில் காகிதம் வைத்து ஒட்டும் முறைக்கு மாறினார்கள். விரலால் தடவினால் மரநரம்பு தெரியும். மடித்துப் பையில் வைக்க முடியாது. மூன்று பொறுப்பாளர்கள் கையொப்பமிட்ட பிறகே ஒவ்வொரு தாளும் செல்லுபடியாகும்.

மரப்பணச் செய்தி நாடெங்கும் பரவியது. சேகரிப்பாளர்கள் அஞ்சலில் டாலர் அனுப்பி வாங்கினார்கள். அவர்கள் வாங்கியவற்றில் பெரும்பகுதி மீட்புக்குத் திரும்பவே இல்லை. எனவே சங்கத்துக்கு நட்டம் ஏற்படவில்லை. டெனினோவைப் பார்த்து மற்ற ஊர்களும் இதைப் பின்பற்றின.

1933க்குப் பின்

1933 தொடக்கத்தில் நெருக்கடி உச்சத்துக்குப் போனது. பிப்ரவரி 14 அன்று மிச்சிகன் மாநிலம் தன் வங்கிகள் அனைத்தையும் மூடியது. மற்ற மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்தொடர்ந்தன. மார்ச் 4 பதவியேற்ற குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், மார்ச் 6 முதல் நாடு முழுவதும் வங்கி விடுமுறை அறிவித்தார். 12ஆம் தேதி இரவு வானொலியில், எந்த வங்கி ஏன் திறக்கும் என்று எளிய சொற்களில் விளக்கினார். 13ஆம் தேதி ரிசர்வ் வங்கி இருந்த 12 நகரங்களிலும், மறுநாள் மற்றப் பெருநகரங்களிலும், சிற்றூர்களில் 15ஆம் தேதியும் சோதனையில் தேறிய வங்கிகள் திறந்தன. தேறாதவை திறக்கவே இல்லை. அந்த ஆண்டு மட்டும் சுமார் 4,000 வங்கிகள் செயலிழந்தன. 1930 முதல் 1933 வரையிலான மொத்தம் 9,000ஐத் தாண்டியது. டெபாசிட்தாரர் இழந்தது ஏறக்குறைய 130 கோடி டாலர்.

1933 ஜூன் 16 வங்கிச் சட்டம் கூட்டரசு டெபாசிட் காப்பீட்டுக் கழகத்தை உருவாக்கியது. 1934 ஜனவரி 1 முதல் ஒருவருக்கு 2,500 டாலர் வரையிலும், அதே ஆண்டு ஜூலை முதல் 5,000 டாலர் வரையிலும் காப்பீடு கிடைத்தது. காப்பீடு பெற்ற வங்கிகளில் முதலில் விழுந்தது இல்லினாய் மாநிலம் கிழக்கு பியோரியாவின் ஃபாண்டுலாக் ஸ்டேட் வங்கி. 1934 மே 28 அன்று அது மூடப்பட்டது. அதன் டெபாசிட்தாரரான ஒரு விதவைக்கு ஜூலை 3 அன்று கழகத்தின் முதல் காசோலை கிடைத்தது. இடையில் ஓடியது 36 நாள். வங்கியின் கடன்களை வசூலிக்கும் வேலை முன்போலவே மெல்ல நடந்தது; ஆனால் காத்திருக்கும் சுமை டெபாசிட்தாரரிடமிருந்து கழகத்துக்கு மாறிவிட்டது. காப்பீட்டின் பெரிய சாதனை இழப்பை ஈடுசெய்ததைவிட இந்தக் காத்திருப்பை ஒழித்ததுதான். அந்த ஆண்டு நாடு முழுவதிலும் காப்பீடு பெற்ற வங்கிகளில் ஒன்பதே விழுந்தன.

ஆய்வாளர் பார்வை

1963இல் மில்ட்டன் ஃபிரீட்மனும் அன்னா ஷுவார்ட்சும், வங்கிகள் விழுந்ததால் நாட்டின் பணஅளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியதே மந்தம் ஆழமானதற்குக் காரணம் என்றார்கள். 1983இல் பென் பெர்னான்கி இன்னொன்றைச் சேர்த்தார்: யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்ற அறிவும் வங்கியோடு சேர்ந்து அழிந்தது. பின்னாளில் அவருக்குக் கிடைத்த 2022 நோபல் பரிசுக்கு இந்த ஆய்வு அடிப்படை. 2005இல் அனாரி, கொலாரி, மேசன் ஆகிய மூவர், மூடிய வங்கிகளில் உறைந்துகிடந்த டெபாசிட்டுகள் மந்தத்தை நீட்டின என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். டெனினோவின் கடைக்காரர்கள் 1931 டிசம்பரிலேயே புரிந்துகொண்டு செயல்பட்டதும் இதே உண்மைதான்.

மரபு

டெனினோவின் பழைய கல்குவாரி இன்று ஊற்றுநீர் நிரம்பிய நகராட்சி நீச்சல் குளம். மணற்கல்லில் கட்டிய பழைய ரயில் நிலையம் அருங்காட்சியகமாகியிருக்கிறது. மரப்பணம் அச்சிட்ட பழைய இயந்திரம் அங்கே இருக்கிறது. 2020இல் கொரோனாத் தொற்றால் கடைகள் முடங்கியபோது நகராட்சி அதே முறையில் மரப்பணம் அச்சிட்டது. வருமானம் இழந்ததைக் காட்டிய குடும்பங்களுக்கு மாதம் 300 டாலர் வரை மரப்பணமாகக் கொடுத்தது. ஊர்க் கடைகள் அதை வாங்கிக்கொண்டு, நகராட்சியில் கொடுத்து டாலருக்கு டாலர் மாற்றிக்கொண்டன.