மறைந்த பொறியும் மறையாத மடலும்

2003ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லிண்டன் லேப் நிறுவனம் ‘செகண்ட் லைஃப்’ என்னும் இணைய உலகைத் திறந்தது. அதனுள் நுழைபவர் தமக்கென ஓர் உருவம் பூண்டு, வீடு கட்டலாம், பொருள்கள் படைக்கலாம், பிறரோடு உரையாடலாம். அவர் தம் கணினியில் சொற்களைத் தட்டும்போது, திரையில் நிற்கும் அவ்வுருவமும் கைகளை உயர்த்திக் கண்ணுக்குப் புலப்படாத விசைகளைத் தட்டும், ஓசையும் எழும். அவ்வுலகின் மேசைகளை அழகுசெய்யப் பழங்காலத் தட்டச்சுப்பொறிகளை வடித்தோரும் உண்டு.

மெய்யான பொறியின் வரலாறு என்ன? மில்வாக்கி நகரில் கிறிஸ்டோபர் ஷோல்ஸும் தோழர்களும் 1868இல் காப்புரிமை பெற்றனர். அவர்தம் பொறி மேம்பட்டு, 1874இல் ரெமிங்டன் நிறுவனத்தின் வழியாக விற்பனைக்கு வந்தது. விசையை அழுத்தினால், எழுத்தைத் தாங்கிய கம்பி கீழிருந்து எழுந்து, மை நாடாவின் மேல் அறைந்து தாளில் பதிக்கும். பதிந்த எழுத்து உருளையின் அடியில் மறைந்திருக்கும். சில வரிகள் கடந்த பின்னரே கண்ணுக்குத் தெரியும். நேர்ந்த பிழை தாளிலேயே தங்கிவிடும்.

2014இல் நடிகர் டாம் ஹாங்க்ஸின் முயற்சியால் ஐபேடுக்கென ‘ஹாங்ஸ் ரைட்டர்’ என்னும் மென்பொருள் வெளிவந்தது. விசையோசையும் மணியோசையும் அதில் உயிர்பெற்றன. ஆயினும், விரும்பினால் பிழையைச் சுவடின்றி அழிக்கும் வசதியும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. தோற்றம் திரும்பியது, தாளின் கண்டிப்பு திரும்பவில்லை.

இதற்கு நேர்மாறான நிகழ்வொன்று இத்தாலி நாட்டில் நடந்தது. பார்வையிழந்த கரோலினா ஃபன்டோனி என்னும் சீமாட்டி, பிறரிடம் சொல்லி எழுதுவிக்காமல் தாமே மடல் வரைய வேண்டுமென, அவருடைய நண்பர் பெல்லெக்ரினோ தூரி ஓர் எழுதுபொறி செய்தளித்தார். 1808 முதல் அவ்வம்மையார் தூரிக்கு எழுதிய மடல்களுட்சில ரெஜ்ஜோ எமிலியா நகரில் இன்றும் காக்கப்படுகின்றன. பொறியோ அழிந்துபோயிற்று, அதன் வடிவத்தை இன்று அறிந்தவர் எவருமிலர்.

அங்கே பொறி மறைந்தது, மடல் நின்றது. இங்கே பொறியின் சாயல் நிற்கிறது. அப்படியானால் இணைய உலகின் அந்த ஓசை வெறும் அலங்காரந்தானா? அன்று. ‘உமக்காக ஒருவர் சொற்களைக் கோத்துக்கொண்டிருக்கிறார், சற்றுப் பொறும்’ என்று எதிரில் நிற்பவருக்கு அது அறிவிக்கிறது. தூரி செய்த பொறியும் இதற்காகவே பிறந்தது. ஓர் உள்ளம் மற்றோர் உள்ளத்தை இடையாள் இன்றி எட்ட வேண்டும் என்னும் அந்த வேட்கையே காக்கத்தக்க பழம்பொருள். அதை மறந்து சாயலை மட்டும் காப்போமாயின், நம் கையில் எஞ்சுவது ஓசை ஒன்றுதான்.